கேட் போய்விட்டதா, மலை ஏமாற்றுகிறதா? கன்வர்ட்டருக்குச் செலவு செய்யும் முன் ஓர் ஒப்பீடு

"வண்டி ஏறவே மாட்டேங்குது, பிக்கப் சுத்தமா இல்ல, பெட்ரோல் குடிக்குது, காலைல சைலன்சர்ல வெள்ளையா புகை வருது." சமவெளியில் ஒரு மெக்கானிக்கிடம் இந்த நான்கையும் சேர்த்துச் சொன்னால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (சுருக்கமாக 'கேட்') அடைத்திருக்குமோ என்று அவர் சந்தேகப்படுவது நியாயம்தான். ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்துகொண்டு இதையே சொன்னால் கதை வேறு. நல்ல நிலையில் இருக்கும் வண்டியே மலையில் இந்த நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டும். அதனால் எதை மாற்றுவது, எங்கே வாங்குவது என்று விலை விசாரிப்பதற்கு முன்னால், நம் வண்டிக்கு உண்மையிலேயே கேட் போயிருக்கிறதா, போயிருந்தால் எதனால் போனது என்ற இரண்டுக்கும் பதில் வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் புதிதாகப் போட்டதும் சீக்கிரமே போய்விடுகிறது.

கேட் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து வரும் புகை சைலன்சருக்குப் போகும் வழியில் ஓர் எஃகு உறை, அதற்குள் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி, அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகப் பிரிக்கிறது. சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிய பிறகுதான் வேலையே தொடங்கும். 1000 டிகிரி தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும், அதற்கும் வெகுவாக மேலே போனால் பீங்கானே உருகும். இந்த இரண்டு எண்களும் பின்னால் தேவைப்படும்.

மலையின் பங்கு

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதாவது டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் சக்தியிலும் கிட்டத்தட்ட அதே அளவை இழக்கும். 70 குதிரைத்திறன் என்று வாங்கிய சின்னக் கார் ஊட்டி சேரிங் கிராஸில் நிற்கும்போது 55, 56க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் தொட்டபெட்டா ஏற்றத்தில் முனகாமல் என்ன செய்யும்? கொடைக்கானலும் சுமார் 2100 மீட்டர், அங்கேயும் இதே கணக்குதான். ஊசி மூலம் எரிபொருள் தரும் இன்றைய எஞ்சின்கள் காற்றுக்குத் தக்க பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அவை உண்டாக்க முடியாது.

இதில் மெக்கானிக்குகளையே ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. அடைப்பைக் கண்டுபிடிக்க, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசையை அளக்கும் வாக்குவம் கேஜ் மாட்டிப் பார்ப்பது பழைய, நல்ல முறை. கடல்மட்டத்தில் ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது) 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டினால் எஞ்சின் ஆரோக்கியம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் உயரம் ஆயிரம் அடி கூடினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல், அப்படியானால் அங்கே 10 முதல் 14 வரை காட்டுவதே சரியான அளவு. கோவையில் தொழில் கற்றுக்கொண்டு புதிதாக மேலே வந்தவர் 12ஐப் பார்த்துவிட்டு "அடைச்சிருக்குங்க" என்று சொன்னால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேஜில் எழுதியிருக்கும் பச்சைக் கோடு அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது. எண்ணைப் பார்க்காமல் அது எப்படி நகர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 2500 ஆர்பிஎம்மில் எஞ்சினை அப்படியே பிடித்து வைத்தால், முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியே போக வழியில்லை என்று அர்த்தம், அது எந்த ஊராக இருந்தாலும் சரி.

வெள்ளைப் புகை விஷயம் இன்னும் எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில் அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். எஞ்சின் நன்றாகச் சூடேறி, வெயிலும் ஏறிய பிறகும் வெண்மையாக வந்து, ரேடியேட்டரில் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். அது கேட்டின் நோய் இல்லை, ஆனால் கூலன்ட் போய்ப் படிந்தால் கேட்டும் சேர்ந்தே கெடும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கேட் போய்விட்டது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெட்ரோலில் கந்தகம் நிறைய இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் ஆறாம் கட்டம்) எரிபொருள் வந்தபின் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) அளவுக்கு இறங்கிவிட்டது, அதனால் இப்போது அந்த நாற்றம் அடித்தால் நான் முதலில் பானட்டைத் திறந்து பேட்டரியைப் பார்ப்பேன். ஆல்டர்னேட்டர் அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் பேட்டரியும் அதே நாற்றம்தான் அடிக்கும். பேட்டரி சரி என்றால், எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறதா என்று பாருங்கள்.

மைலேஜ் குறைவு பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூடம் என்று குளிர்ந்த எஞ்சினோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஓடும் வண்டிக்கு எப்படி மைலேஜ் வரும்.

உண்மையான அடையாளங்கள்

சரி, எதை நம்பலாம்? சத்தம் ஒன்று. வண்டிக்கு அடியில், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல ஒரு சலசலப்பு, குறிப்பாக ஸ்டார்ட் செய்யும்போதும் ஆக்சிலேட்டரை விடும்போதும் வந்தால், உள்ளே பீங்கான் கட்டி உடைந்து ஆடிக்கொண்டிருக்கலாம். எஸ்டேட் ரோட்டில் கல்லில் இடித்த வண்டிகளிலும், சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது கூடலூர், பந்தலூர் பக்கத்து ஜூலை மழைத் தண்ணீரில் அப்படியே இறங்கிய வண்டிகளிலும் இது நடக்கும். ஆனால் அதே சத்தத்தை, கேட்டுக்கு மேலே மூடியிருக்கும் வெப்பத் தகட்டின் போல்ட் துருப்பிடித்துக் கழன்றாலும் கேட்கலாம். வண்டி முழுதாக ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் கேட்டின் உறையைத் தட்டிப் பார்த்தால் சத்தம் உள்ளிருந்து வருகிறதா, தகட்டிலிருந்து வருகிறதா என்று தெரிந்துவிடும். தகடு என்றால் ஒரு கிளாம்ப் போதும்.

இன்னொன்று, வண்டி மூச்சுத்திணறும் விதம். மலைக்காற்றால் வரும் சக்திக் குறைவு எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இருக்கும், கீழே இறங்க இறங்கச் சரியாகும். அடைப்பால் வருவது அப்படி இல்லை. மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, மிதித்து ஆர்பிஎம் ஏறும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருக்கும், எஞ்சின் சூடும் கூடும், முற்றிய நிலையில் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும். அதனால் மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. ஏதாவது வேலையாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது (கொடைக்காரர்கள் வத்தலக்குண்டு இறங்கும்போது) நேரான ரோட்டில் மூன்றாவது கியரில் நன்றாக மிதித்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம்தான். அங்கே வண்டி பழையபடி பாய்ந்தால் கேட்டில் அடைப்பு இல்லை. அங்கேயும் திணறினால் மேற்கொண்டு பார்க்கலாம்.

மூன்றாவது அடையாளம் எஞ்சின் லைட்டும், ஸ்கேனரில் தெரியும் பி0420 என்ற கோடும் (code, பழுதுக் குறியீடு). இது "கேட்டின் திறன் குறைந்திருக்கிறது என்று கணினி நினைக்கிறது" என்று மட்டும்தான் சொல்கிறது. கேட்டுக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஆடும், கேட் நன்றாக வேலை செய்தால் பின்னது 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால் கேட் வேலை செய்யவில்லை. (சில புதிய வண்டிகளில் முன்னால் வேறு வகை சென்சார் இருக்கும், அதில் இந்த ஆட்டம் தெரியாது, பின்னதை மட்டும் பாருங்கள். பழைய பிஎஸ்3 வண்டிகள் பலவற்றில் பின் சென்சாரே கிடையாது.) மொபைலோடு சேரும் சின்ன புளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, மலையில் வண்டி வைத்திருப்பவர் ஸ்டெப்னியோடு சேர்த்து இதையும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த எஞ்சின் லைட்டிலும் மலைக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் கேட்டைச் சோதிக்கும் கணக்கு, எஞ்சின் சூடாகிச் சில நிமிடம் ஒரே சீரான வேகத்தில் ஓடினால்தான் நடக்கும். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே எங்கே ஒரே வேகத்தில் ஓட்டுவது? அதனால் மாதக்கணக்கில் லைட் வராத வண்டி கோவை பைபாஸ் ஏறியதும் லைட்டைப் போடும், உடனே "கீழே போட்ட பெட்ரோல் சரியில்லை" என்று பங்க் மேல் பழி விழும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். பழுதுக் கோடை அழித்துவிட்டு "சரியாயிடுச்சுங்க, ஓட்டிப் பாருங்க" என்று சொன்னால், மலையிலேயே ஓட்டும் வரை அது சரியானது போலத்தான் இருக்கும். ஸ்கேனரில் கேட் சோதனை முடிந்ததா, முடியவில்லையா என்று காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கடைசியாக, சந்தேகமே இல்லாமல் அடைப்பை நிரூபிக்கும் சோதனை: முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, தேங்கும் புகையின் அழுத்தத்தை (பேக் பிரஷர்) அளப்பது. ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும், 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது, ஆகவே ஊட்டியில் எடுத்தாலும் சமவெளியில் இருக்கும் சூலூரில் எடுத்தாலும் இதே எண்தான். கேட் மாற்றச் சொல்லும் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் "பேக் பிரஷர் எவ்வளவு வந்துச்சுங்க அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

எதனால் போனது

கேட் தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் எஞ்சின்தான் அதைக் கொல்கிறது. ஸ்பார்க் பிளக்கோ காயிலோ பழுதாகி மிஸ்ஸிங் அடித்தால், எரியாத பெட்ரோல் நேராகக் கேட்டுக்குள் போய் அங்கே எரியும், மேலே சொன்ன 1000 டிகிரியை வெகுவாகத் தாண்டினால் பீங்கான் உருகி அடைக்கும். எஞ்சின் லைட் நிலையாக ஒளிராமல் கண்சிமிட்டினால் கணினி எச்சரிப்பது இதைத்தான், அப்போது ஓரம் கட்டிவிடுவது நல்லது.

எஞ்சின் ஆயில் எரிவது மெதுவான கொலை. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின் மேல் படிந்து அதை மூடிவிடும், கழுவினால் போகாது. இதைக் கண்டுபிடிக்க மலை நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கும்போது இன்டேக்கில் வாக்குவம் அதிகமாக இருக்கும், வால்வு சீல் தேய்ந்திருந்தால் ஆயிலை உள்ளே இழுக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் முடிந்து அடிவாரக் கல்லாறில் மறுபடி மிதிக்கும்போது பின்னால் வரும் வண்டியில் இருப்பவர் நீலப் புகை ஒரு குப்பென்று வந்ததைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்த்திருந்தால் கேட் வாங்கும் காசை முதலில் எஞ்சினில் போட வேண்டும்.

இங்கே ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். செகண்ட் கியரில் இறங்கினால் கேட் கெடும் என்று சொல்லிக்கொண்டு நியூட்ரலில் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும், கேட்டுக்குள் வெறும் காற்றுதான் போகும், ஒரு கெடுதலும் இல்லை. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவில் நியூட்ரலிலோ சாவியை அணைத்தோ இறங்கினால் கெடப்போவது பிரேக்கும் உயிரும். கேட்டுக்கு உண்மையிலேயே கெடுதல் எது என்றால், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் திரும்பத் திரும்ப கிராங்க் செய்வதும், சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதும். பேட்டரியை மாற்றுவது மலிவு.

இனி வழிகளை ஒப்பிடலாம்

முதல் வழி, கேட்டைத் தொடாமல் அதற்கு முன்னால் இருப்பதைச் சரிசெய்வது. பிளக், காயில், முன் சென்சார், மேனிஃபோல்டு கேஸ்கட், விரிசல் விட்ட ஃப்ளெக்ஸ் பைப். சைலன்சர் பைப்பில் கேட்டுக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தால்கூட வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரைக் குழப்பி பி0420 வரவைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் அந்த இடத்தைத் தேடுங்கள், கரி படிந்து காட்டிக்கொடுக்கும். அடைப்பு இல்லை, கோடு மட்டும் வருகிறது என்றால் இந்த வழியைத் தாண்டாமல் வேறு எதற்கும் போகக் கூடாது என்பது என் கட்சி. எவ்வளவு செலவானாலும் கேட் விலையில் ஒரு பங்குதான் ஆகும், அப்புறம் கேட்டையே மாற்ற நேர்ந்தாலும் இந்தச் செலவு வீணில்லை, புதிய கேட்டுக்கு இது காப்பு.

இரண்டாவது, கொஞ்ச நாள் அப்படியே ஓட்டுவது. திறன் மட்டும் குறைந்திருக்கிறது, பேக் பிரஷர் சரி, மிஸ்ஸிங் இல்லை, புகைச் சோதனையில் தேறுகிறது என்றால் வண்டிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, பணம் சேரும் வரை ஓட்டலாம். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளுக்கு ஆண்டுக்கொருமுறை புகைச் சான்று வேண்டும், பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை அனுமதி. சோதனைக்கு வீட்டிலிருந்து நேராக, இரண்டு தெரு தாண்டி, குளிர்ந்த வண்டியோடு போகாதீர்கள். கேட் சூடேறாமல் நல்ல வண்டியும் தோற்கும். கால் மணி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள். அடைப்பு இருந்தால் மட்டும் இந்த வழி கூடவே கூடாது. அடைத்த கேட் அளவுக்கு மீறிச் சூடாகும், பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து கிடக்கும் புல்லின் மேல் அப்படி ஒரு வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது. நல்ல கேட்டோடும் அந்தக் காலத்தில் புல்வெளியில் நிறுத்தாமல் இருப்பதுதான் சரி.

மூன்றாவது, சுத்தம் செய்வது. இதில் மூன்று தினுசு. டேங்கில் ஊற்றும் திரவம், கீழே இறங்கி நீளமாக ஓட்டுவது, கழற்றிக் கழுவுவது. டேங்கில் ஊற்றுவதால் லேசான கரி போகலாம், உருகியதும் உடைந்ததும் ஆயில் படிந்ததும் போகாது, பாட்டிலின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி. இரண்டாவதற்குத் தனியாகக் காசு செலவில்லை. மலைக்குள்ளேயே சின்னச் சின்னத் தூரம் ஓடி, ஒருபோதும் நன்றாகச் சூடேறாத வண்டியாக இருந்தால், மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை வரை சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில், ஒரு கியர் குறைவாகப் போட்டு அரை மணி சீராக ஓட்டினால் கேட் தன்னைத்தானே கொஞ்சம் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். கழற்றித் தண்ணீர், சோப்பு, சில இடங்களில் ஆசிட் என்று கழுவுவதுதான் எனக்குப் பிடிக்காதது. கரியோடு சேர்ந்து பூச்சும் போகலாம், கழற்றும்போது துருப்பிடித்த ஸ்டட் உடையும், கேஸ்கட் புதிதாக வேண்டும், கூலியும் சேர்ந்தால் ஒரு நல்ல தொகை. கழுவிய பிறகு சில வாரம் நன்றாக இருப்பது போலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் கோடை அழித்ததுதான் காரணம்.

நான்காவது, கம்பெனி கேட். விலை ஐந்திலக்கத்தில் இருக்கும், சின்ன வண்டிக்கும் அப்படித்தான், இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் உலோகங்களின் விலை அப்படி. ஆனால் அளவு அப்படியே பொருந்தும், சென்சார் இடம் மாறாது, லைட் திரும்ப வராது. பல சின்னக் கார்களில் கேட்டும் மேனிஃபோல்டும் ஒரே உருப்படியாக எஞ்சினோடு ஒட்டி இருக்கும், அவற்றில் வேறு வழிக்கு இடமே குறைவு. பிஎஸ்6 வண்டி என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதன் கணினி கண்டிப்பானது, குறைந்த பூச்சுள்ள கேட்டை ஏற்றுக்கொள்ளாது. பணம் கட்டும் முன் வண்டியோடு வந்த வாரண்டிப் புத்தகத்தில் எமிஷன் வாரண்டி என்று தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சாதாரண வாரண்டி முடிந்தும் அது நீடிக்கக்கூடும், கவுன்ட்டரில் யாரும் தானாக நினைவூட்ட மாட்டார்கள்.

ஐந்தாவது, வெளி கம்பெனிகள் செய்யும் கேட், பைப்பை அறுத்து வெல்டிங் வைப்பது. பிஎஸ்3, பிஎஸ்4 வண்டி, பத்து வயது தாண்டியது, கேட் வண்டிக்கு அடியில் தனியாக இருக்கிறது என்றால் இது நியாயமான வழி. எல்லாம் பூச்சின் அளவைப் பொறுத்தது, மேலே பார்த்தால் எல்லா உறையும் பளபளப்பாகத்தான் இருக்கும். எஞ்சின் அளவுக்கும் உங்கள் வண்டியின் பாரத் ஸ்டேஜுக்கும் ஏற்றது என்று பில்லில் எழுதித் தர வேண்டும், எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள். வெல்டிங் சரியில்லாவிட்டால் மலைரோட்டு ஆட்டத்தில் விரிசல் விட்டு, மறுபடி அதே பி0420.

ஆறாவது, பழைய பாகக் கடையில் கிடைக்கும் கேட். விபத்தில் போன, குறைவாக ஓடிய அதே மாடல் வண்டியிலிருந்து எடுத்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள், துளைகள் சீராகத் தெரிய வேண்டும், குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. அவ்வளவு பார்த்தாலும் உள்ளே ஆயில் படிந்து செத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொடையிலிருந்து மதுரைக்கும் ஊட்டியிலிருந்து கோவைக்கும் இறங்கி ஏறும் பெட்ரோலையும் ஒரு நாள் வருமானத்தையும் கூட்டிப் பார்த்தால், இரண்டு முறை வாங்கும் பழையது ஒரு முறை வாங்கும் புதியதின் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஏழாவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பலருக்கும் முதலில் காதில் விழுவது அதுதான். "உள்ள இருக்கறதத் தட்டி எடுத்துட்டு டப்பாவ மட்டும் மாட்டிடலாங்க, வண்டி பறக்கும்." அடைத்த வண்டி பறக்கத்தான் செய்யும், அடைப்பை எடுத்தால் எந்த வண்டியும் பறக்கும். அதற்குப் பிறகு பின் சென்சார் கத்தும், அதை ஏமாற்ற ஒரு ஸ்பேசர் மாட்டுவார்கள், புகைச் சான்றுக்குப் போனால் 0.3 சதவீதத்துக்குள் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றக் கூடாது, 190(2)இன்படி புகை அளவு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். சட்டத்தை விடுங்கள், மே மாதம் குன்னூர் நெரிசலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்தக் கார்பன் மோனாக்சைடை முதலில் சுவாசிப்பது பின்சீட்டில் இருக்கும் நம் பிள்ளைகள். இந்த வழியை மலிவு என்று கணக்கில் சேர்ப்பதே தவறு.

எஸ்டேட் வேலைக்கு ஓடும் பழைய பெட்ரோல் ஜீப், அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இதுவரை படித்திருந்தால் ஒரு வரி: 1995க்கு முந்தைய வண்டியில் கேட்டே கிடையாது, நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானதே அந்த ஆண்டுதான். உங்கள் கரும்புகைக்குக் கார்புரேட்டரைப் பாருங்கள், சமவெளிக்கு டியூன் செய்தது மேலே வந்தால் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். பிஎஸ்6 டீசல் வண்டிக்காரர்களுக்கோ பெரிய தலைவலி கேட் இல்லை, புகையின் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியான டிபிஎஃப். மலைக்குள்ளேயே ஓடினால் அது கரியை எரித்துத் தீர்க்க வாய்ப்பே கிடைக்காது, லைட் வந்ததும் தள்ளிப்போடாமல் சமவெளிக்கு இறக்கி ஓட்டிவிடுங்கள்.

என்னிடம் ஒரே வரியில் கேட்டால், அடைப்பு நிரூபணமாகி, காரணமும் சரிசெய்யப்பட்ட பிஎஸ்6 காருக்குக் கம்பெனி கேட், பழைய காருக்கு எழுத்தில் உத்தரவாதம் தரும் வெளி கேட், கோடு மட்டும் வரும் காருக்கு பிளக்கும் கேஸ்கட்டும் மேட்டுப்பாளையம் ரோடும்.

மாற்றுவது என்று முடிவானால், பழைய கேட்டைத் திரும்பக் கேளுங்கள் அல்லது அதன் மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். செத்த கேட்டிலும் பிளாட்டினமும் ரோடியமும் அப்படியே இருக்கின்றன, அதை வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், "அத நாங்களே தூக்கிப் போட்டுடறோங்க" என்பது உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை. கேஸ்கட்டும் நட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சென்சாரின் மரையைச் சுற்றி சிலிக்கோன் பேஸ்ட் தடவ விடாதீர்கள், சிலிக்கோன் சென்சாரைக் கொன்றுவிடும். வேலை முடிந்ததும் கோடை அழித்துவிட்டு, ஒருமுறை கீழே இறங்கிச் சீரான வேகத்தில் ஓட்டி, ஸ்கேனரில் கேட் சோதனை முடிந்தது என்று வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.